தண்டலம் டூ புள்ளலூர்: ஐதர் காலத்து ரோடு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா போதும், ஆபீஸ்ல எல்லாரும் கேக்குற ஒரே கேள்வி: "வீக்எண்ட் என்ன ப்ளான்?" ஒருத்தன் ஏலகிரிங்கறான், ஒருத்தன் பாண்டிங்கறான் (எதுக்குன்னு கேக்காதீங்க). நான் மட்டும் "தண்டலத்துலதான் இருப்பேன்"னு சொல்லி முழிப்பேன். தண்டலத்துல என்னய்யா இருக்கு? பெங்களூர் ஹைவே, ஒரு காலேஜ், கன்டெய்னர் லாரி, கார் ஏத்திக்கிட்டுப் போற நீள லாரி, நைட் ஷிப்ட் முடிச்சுட்டு தூங்கி வழியற மக்களோட கம்பெனி பஸ். வெளியூர்க்காரன் பார்த்தா 1998ல இருங்காட்டுக்கோட்டையிலேர்ந்து முதல் கார் வெளிய வந்த அன்னிக்குத்தான் இந்தப் பக்கம் சரித்திரமே ஆரம்பிச்சதுன்னு நினைப்பான். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் சும்மா மேப்பை நோண்டிட்டு இருந்தப்போ தட்டுப்பட்டதுதான் இந்தப் பதிவு. எங்க ஊர்ல ஹைவேயிலேர்ந்து வடமேற்கா ஒரு ரோடு பிரியுது. மண்ணூர், மப்பேடு, பேரம்பாக்கம், தக்கோலம் வழியா அரக்கோணம் போகும். தினமும் அந்த முக்குலதான் டீ குடிக்கிறேன். அந்த ஒரே ரோட்டை ஒட்டி மூணு பெரிய யுத்தம் நடந்திருக்குன்னு எனக்குத் தெரியாது. எட்டாங்கிளாஸ்ல படிச்சிருப்போம், ஆனா அது எங்கேயோ நடந்த மாதிரி படிச்சோம்.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அப்பாவோட பழைய வண்டியைக் கிளப்பினேன். பின்னாடி ரூம்மேட். "டேய் இது ஐதர் காலத்து வண்டிடா, பேரம்பாக்கம் வரைக்கும் தாங்குமா?"ன்னான். அந்த வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

மப்பேடு வரைக்கும் ரோட்டுல பெருசா சொல்ல ஒண்ணுமில்லை. மப்பேட்டுல சிங்கீஸ்வரர் கோயில் இருக்கு. அமைதியான இடம், கால் மணி நேரம் உட்காரலாம். 2022 மே மாசம் இதே மப்பேட்டுக்கு ஒரு பெரிய சரக்குப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினாங்க. அடுத்தது பேரம்பாக்கம். பக்கத்துலயே கூவம்னு ஒரு கிராமம். ஆமா மக்களே, மூக்கைப் பொத்திக்கிட்டு தாண்டுறோமே, அந்தக் கூவத்துக்குப் பேர் குடுத்த ஊர்! திருவிற்கோலம்னு பாடல் பெற்ற சிவன் கோயில் இருக்கு. அங்க நாத்தம் கீத்தம் எதுவும் கிடையாது.

பேரம்பாக்கத்துல டீ சொல்லிட்டு ரூம்மேட்டுக்கு கதையை ஆரம்பிச்சேன். உங்களுக்கும் சுருக்கமா சொல்லிடறேன்.

1769ல கம்பெனிக்காரங்க (நம்ம கம்பெனி இல்லை, கிழக்கிந்தியக் கம்பெனி) ஐதர் அலியோட ஒப்பந்தம் போட்டாங்க. உனக்கு ஆபத்துன்னா நாங்க வருவோம், எங்களுக்குன்னா நீ வரணும். மராட்டியர் மைசூர் மேல பாஞ்சப்போ கம்பெனி வரவே இல்லை. ஐதர் அதை மறக்கலை. 1779ல மாஹேயை வேற பிடிச்சாங்க. 1780 ஜூலையில ஐதர் எண்பது, தொண்ணூறாயிரம் பேரோட செங்கம் கணவாய் வழியா இறங்கிட்டார். கோட்டையில உட்கார்ந்திருந்தவங்களுக்கு, சென்னைக்குப் பக்கத்துல ஊருங்க எரியற வரைக்கும் விஷயம் உறைக்கலை.

கம்பெனிக்கு ரெண்டு படை. ஒண்ணு பரங்கிமலையிலேர்ந்து கிளம்பி காஞ்சிபுரம் போன ஹெக்டர் மன்றோ படை. பக்ஸார்ல 1764ல ஜெயிச்ச அதே மன்றோ, பெரிய ஸ்டார். இன்னொண்ணு குண்டூர் பக்கத்துலேர்ந்து வந்த கர்னல் பெய்லி படை. ரெண்டும் காஞ்சிபுரத்துல சேரணும், இதுதான் ப்ளான். ஆகஸ்ட் கடைசியில பெய்லி கொசஸ்தலை ஆத்துக்கு வடகரைக்கு வந்துட்டார். தண்ணி அவ்வளவா இல்லை. காலையில தாண்டிக்கலாம்னு படுத்தார். ராத்திரி மழை, ஆத்துல வெள்ளம். செப்டம்பர் முதல் வாரம் வரைக்கும் அந்தக் கரையிலேயே மாட்டிக்கிட்டார். இப்ப அந்த ஆத்தைப் பார்த்தா வெள்ளம்ங்கற வார்த்தையே சிரிப்பா இருக்கும். வருஷத்துல பாதி நாள் மணல்தான்.

எப்படியோ ஆத்தைத் தாண்டி பேரம்பாக்கம் வந்து சேர்ந்தார். செப்டம்பர் 6ஆம் தேதி இங்க வெச்சுத்தான் திப்பு தாக்கினார். அன்னிக்கு பெய்லி சமாளிச்சுட்டார். ஆனா நகர முடியலை. பதினாலு மைல்ல காஞ்சிபுரம், அங்க மன்றோ. "நீங்க வாங்க"ன்னு பெய்லி ஆள் அனுப்பறார். மன்றோ வரலை. காஞ்சியில இருக்குற அரிசி மூட்டையை விட்டுட்டு எப்படி வர்றதுன்னு யோசனை. ஆயிரம் பேரைக் குடுத்து பிளெட்சரை மட்டும் அனுப்பினார். ரெண்டும் சேர்ந்து சுமார் 3,800 பேர். 9ஆம் தேதி ராத்திரி கிளம்பினாங்க. நடுவழியில பெய்லி படையை நிறுத்திட்டார். ஏன் நிறுத்தினார்ங்கறது சரித்திரக்காரங்க இன்னிக்கும் சண்டை போடுற விஷயம். விடியறதுக்குள்ள ஐதரோட மொத்தப் படையும் காஞ்சிப் பக்கத்துலேர்ந்து நகர்ந்து வந்து சேர்ந்துடுச்சு. மன்றோவுக்கு மூக்குக்குக் கீழ நடந்தது தெரியலை.

எங்க ப்ராஜெக்ட்ல இப்படி நிறைய பார்த்திருக்கேன். ரெண்டு டீமும் தனித்தனியா நல்லாத்தான் வேலை செய்யும். சேர்த்து ஓட்டற அன்னிக்கு புட்டுக்கும் :-)

1780 செப்டம்பர் 10 காலை, புள்ளலூர். மைசூர்க்காரங்க ராக்கெட். இரும்புக் குழாய்ல மருந்து அடைச்சது, அதனால அந்தக் காலத்து ராக்கெட்டுகளை விட ரொம்ப தூரம் போகும். நடுவுல பெய்லியோட வெடிமருந்து வண்டிங்க வெடிச்சுது. அதுக்கப்புறம் சுட குண்டு இல்லை. சதுரமா நின்னு துப்பாக்கிக் கத்தியை வெச்சுக்கிட்டே பல தாக்குதலைத் தடுத்தாங்க. கடைசியில பெய்லி சரணடைஞ்சார். பிளெட்சர் செத்துட்டார். மன்றோ பீரங்கியைக் கோயில் குளத்துல தள்ளிவிட்டுட்டு காஞ்சிபுரத்தை விட்டு ஓடி வந்தார். அதுவரைக்கும் இந்தியாவுல இங்கிலீஷ்காரன் இப்படி ஒரு அடி வாங்கினதில்லை. பெய்லி 1782ல ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலயே செத்தார். கூடப் பிடிபட்ட டேவிட் பெயர்டுங்கற இளைஞன் 44 மாசம் கழிச்சு வெளிய வந்து, 1799ல அதே கோட்டையைத் தாக்கின படைக்குத் தலைமை தாங்கினான். அப்போ பிடிச்ச ராக்கெட்டுங்க லண்டன் போய், அதைப் பார்த்துத்தான் காங்கிரீவ் தன்னோட ராக்கெட்டைச் செஞ்சார். இந்த யுத்தத்தைப் படமா பார்க்கணும்னா ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தவுலத் மாளிகைக்குப் போங்க. சுவர் பூரா புள்ளலூர்தான். நடுவுல பல்லக்குல பெய்லி, மேல வெடிக்கிற வண்டி. நம்ம ஊர் யுத்தத்துக்கு கர்நாடகாவுல ஓவியம்!

டீ ஆறிப் போச்சு. வண்டியை எடுத்தோம்.

புள்ளலூர் சாதாரண கிராமம். ஏரி, வயல், சின்னக் கடை. வயலுக்கு நடுவுல ரெண்டு ஊசித் தூண். ஆளாளுக்கு எழுதறாங்க, இது பெய்லியோட ஆளுங்க சமாதின்னு. இல்லைங்க. கல்லுல இருக்குற தேதி 1781 ஆகஸ்ட் 27. அதாவது இது ரெண்டாவது புள்ளலூர் யுத்தம். முதல் யுத்தம் நடந்து ஒரு வருஷம்கூட ஆகலை, அதுக்குள்ள அயர் கூட் வந்து ஐதரோட மறுபடி மோதினார். முடிவு சொல்ற மாதிரி யாரும் ஜெயிக்கலை. அதுல செத்த ரெண்டு அதிகாரிங்க, ஜார்ஜ் பிரவுன், ஜேம்ஸ் ஹிஸ்லாப். அவங்களுக்குத்தான் தூண்.

அதுக்கும் முன்னாடி போனா, இன்னும் தமாஷ். ஏழாம் நூற்றாண்டுல இதே ஊர்ல மகேந்திரவர்ம பல்லவன் எதிரிகளைத் தோற்கடிச்சான்னு காசாக்குடிச் செப்பேடு சொல்லுது. இல்லைல்ல, பல்லவன் காஞ்சி மதிலுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிட்டான்னு சாளுக்கியரோட ஐஹொளே கல்வெட்டு சொல்லுது. ரெண்டு பேருமே ஜெயிச்சுட்டாங்க போல! அந்தப் பகையோட அடுத்த ரவுண்டு, நரசிம்மவர்மன் புலிகேசியை விரட்டின மணிமங்கலம். அது ஒரகடத்துக்கு அந்தப் பக்கம், படப்பைக்குப் பக்கத்துல. சிவகாமியின் சபதம் படிச்சவங்களுக்குச் சொல்லவே வேணாம். பேரம்பாக்கத்துலேர்ந்து நேரா போனா தக்கோலம். 949ல ராஜாதித்த சோழன் யானை மேலயே செத்த இடம். எல்லாம் ஏன் இங்கேயே? எல்லாருக்கும் காஞ்சிபுரம் வேணும். வடக்கேர்ந்து வந்தாலும் மேற்கேர்ந்து வந்தாலும் இந்த ஏரிக்கரை வழியாத்தான் வரணும். இப்ப எல்லாருக்கும் துறைமுகமும் ஹைவேயும் வேணும், அதுக்கும் இதே இடம்தான்.

தூண் நிழல்ல உட்கார்ந்திருந்தப்போ எனக்கு ஒரு கணக்கு உறுத்துச்சு. பெய்லியோட 3,800 பேர்ல வெள்ளைக்காரங்க ஏறக்குறைய 500 பேர்தான். மீதி 3,300 பேர் யாரு? சிப்பாய்ங்க. தமிழும் தெலுங்கும் பேசினவங்க. பிடிபட்ட வெள்ளை அதிகாரிங்க திரும்பிப் போய் புத்தகம் எழுதினாங்க. சிப்பாய் யாரும் எழுதலை. அந்தப் பக்கம் ஐதர் படையில செத்தவங்களுக்கும் பேர் கிடையாது. இந்த ரெண்டு பேர் சண்டையில ஊர் எரிஞ்சு, பயிர் போய், சோத்துக்கில்லாம சென்னைக்கு ஓடினாங்களே அந்த ஜனங்க, அவங்களுக்கும் ஒரு கல் கிடையாது.

கல்தான் இல்லை. வார்த்தை இருக்கு. அந்தப் பஞ்சத்துல வந்து விழுந்த ஜனங்களுக்குக் கஞ்சி ஊத்த 1782ல ஆரம்பிச்சதுதான் மணியக்காரர் சத்திரம். பின்னாடி அங்க ஒரு மருத்துவமனை வந்து, அதுதான் இன்னிக்கு ஸ்டான்லி. வடசென்னையில பெருசுங்க அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னுதான் சொல்லும். அப்புறம் நம்ம ரூம்மேட் சொன்ன "ஐதர் காலத்து வண்டி". ரொம்பப் பழசுன்னு சொல்ல நம்மாளுங்களுக்கு சோழன் காலம், பாண்டியன் காலம் எல்லாம் வாயில வரலை பாருங்க. ஐதர் காலம்தான் வருது. ஊரே எரிஞ்சு, அதுக்கு முன்னாடி, பின்னாடின்னு காலமே ரெண்டா பிரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். யாரும் கல்லுல வெட்டாததை நம்ம பாட்டிங்க பேச்சுல வெட்டி வெச்சுட்டுப் போயிருக்காங்க.

கிளம்பறப்போ வரப்புல ஒரு பெரியவர் வந்தார். "எங்கேந்து தம்பி வர்றீங்க?"

"தண்டலம் தாத்தா."

"எந்தத் தண்டலம்? ஏர்போர்ட்டுக்கு எடுக்கறாங்களே, அந்தத் தண்டலமா?"

எனக்கு சுருக்குன்னுச்சு. 2022 ஆகஸ்ட்ல பரந்தூர்ல சென்னையோட ரெண்டாவது விமான நிலையம்னு அறிவிச்சாங்க. நிலம் எடுக்கப் போற 13 கிராமத்துல ஏகனாபுரம், நெல்வாய், வளத்தூர் இதோட தண்டலம்னு ஒரு பேரும் இருந்துச்சு. அந்தப் பட்டியல் வந்த அன்னிக்கு எனக்கு ஃபோனுக்கு மேல ஃபோன். "மச்சி உங்க ஊரு போகுதாமே?" நான் எல்லார்கிட்டயும் சிரிச்சுக்கிட்டே "அது வேற தண்டலம்டா, எங்களுது ஹைவே தண்டலம்"னு சொன்னேன். ஒரு பத்து தடவையாவது சொல்லியிருப்பேன், பெரிய நிம்மதியோட. அந்த வேற தண்டலத்துலயும் என்னை மாதிரி ஒருத்தன் இருப்பான், அவனுக்கும் ஃபோன் வந்திருக்கும், அவன் என்ன சொல்லியிருப்பான்னு அன்னிக்கு ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை.

"இல்ல தாத்தா, வேற தண்டலம்"னேன். இந்தத் தடவை சிரிப்பு வரலை.

"நல்லதாப் போச்சு போ"ன்னுட்டு தூணைக் காட்டினார். "இதைப் பாக்கவா வந்தீங்க? வெள்ளைக்காரன் ரெண்டு பேருக்கு கட்டினது. பாரு, எவ்ளோ நாளா நிக்குது."

அவ்வளவுதான் சொன்னார். போய்ட்டார்.

விமான நிலையம் வேணுமா வேணாமான்னு இங்க நான் தீர்ப்பு சொல்ல வரலை. ஆபீஸ் வேலையா மாசம் ஒரு தடவை நானும்தான் ப்ளேன் ஏறுறேன். நான் தினமும் போற ரோடும், இந்தப் பக்கத்து பேக்டரிங்களும் யாரோ ஒருத்தரோட வயல்தான். ஆனா 3,300 பேரைக் கணக்குல விட்ட சரித்திரத்தைப் பார்த்து நியாயம் பேசிட்டு, பக்கத்துல இருக்குற தண்டலத்தை நானே கணக்குல விட்டிருக்கேன்னு புரிஞ்சப்போ கொஞ்சம் கூச்சமா இருந்துச்சு. அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அந்தத் தண்டலத்துக்கு வண்டியை விடப் போறேன். கோயில் பேர், ஏரி பேர், தெரு பேர் எல்லாம் கேட்டு எழுதி வெச்சுக்கணும்.

போக நினைக்கிறவங்களுக்கு: தண்டலத்துலேர்ந்து காலை ஆறரைக்குக் கிளம்பினா மப்பேடு, கூவம், பேரம்பாக்கம், புள்ளலூர் பார்த்துட்டு காஞ்சிபுரத்துல மத்தியான சாப்பாட்டுக்குப் போய்டலாம். வெயில் காலத்துல வேணாம், மார்கழி, தை நல்லது. தண்ணி எடுத்துட்டுப் போங்க. வயல்ல இறங்கறதுக்கு முன்னாடி அங்க இருக்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குங்க.

பி.கு.: ஐதர் காலத்து வண்டி ஒரு தடவைகூட நிக்கலை. ரூம்மேட்தான் ரெண்டு இடத்துல பரோட்டாவுக்கு நின்னான் :-)