பயர்பாக்ஸ் ஃபிளிக்ஸ்

பயர்பாக்ஸ் உலாவிக்கான விளம்பரப்படங்களை அதன் பயனர்களிடமிருந்தே பெறுவதற்காக, அதை உருவாக்கும் மொசில்லா நடத்திய போட்டி. 2005 இறுதியில் அறிவிக்கப்பட்டது. முதல் போட்டியில் படத்தின் நீளம் 30 விநாடி. 2006இல் ‘டேர்டெவில்’ முதல் பரிசு பெற்றது. 2012, 2013 ஆண்டுகளில் மீண்டும் நடந்தது.

பயர்பாக்ஸின் 1.0 பதிப்பு 2004 நவம்பர் 9 அன்று வெளியானபோது, உலாவிச் சந்தை ஏறத்தாழ முழுவதுமாக மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரரிடம் இருந்தது. அது விண்டோஸுடனேயே வந்தது. பயர்பாக்ஸையோ ஒருவர் தேடி இறக்கிக்கொள்ள வேண்டும். தொலைக்காட்சி விளம்பரத்துக்குப் பெரும்பணம் இல்லாத நிலையில் தொண்டர்களே பிரசாரகர்கள் ஆனார்கள். அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று நியூயார்க் டைம்ஸில் வந்த இருபக்க விளம்பரம் அவர்கள் நன்கொடையில் உருவானது. கொடுத்தவர்களில் ஏறத்தாழ 10,000 பேரின் பெயர்கள் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தன. படப்போட்டி அதன் தொடர்ச்சி. யூடியூப் தொடங்கியதும் 2005இல்தான் என்பதால் காலமும் கைகொடுத்தது.

உலாவியைப் படமெடுப்பது எளிதல்ல. நன்றாக இயங்கும் மென்பொருளில் பார்க்க எதுவுமே இராது. இத்தகைய படங்களில் திரைக்காட்சியைவிட நகைச்சுவையும் மனிதர்களும் எடுபடுவது அதனால்தான்.

பயனர்களே பரப்பிய இந்த உலாவியில் ஒரு முரணும் உண்டு. அதன் மூலநிரலை யாரும் மாற்றலாம். ஆனால் பெயரும் சின்னமும் மொசில்லாவின் வணிகக்குறிகள். 2006இல் இந்தப் பிணக்கால் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டம் தன் பயர்பாக்ஸ் பதிப்புக்கு ஐஸ்வீசல் என்று பெயர் மாற்றியது. பழைய பெயர் 2016இல்தான் திரும்பியது.