பெயரும் அடைமொழியும்

ஒரு பெயரால் ஒருவரையே குறித்தல் எளிதன்று. கெடாவின் ரப்பர்த் தோட்டங்களில், ஒரே லயத்தில் முனியாண்டி என்னும் பெயருடையார் மூவர் நால்வர் வாழ்ந்தமையை முதியோர் அறிவர். வண்டிக்கார முனியாண்டி, கோயில்வீட்டு முனியாண்டி, நெட்டை முனியாண்டி எனத் தோட்டத்தார் அவர்களைப் பிரித்தறிந்தனர். ஏடறியாதார் கண்ட வழக்கெனினும், இது தமிழரின் பழமரபே ஆகும்.

சங்கப் புலவருள் சாத்தன் என்னும் பெயர் பூண்டார் பலர். சீத்தலைச் சாத்தனார், பெருந்தலைச் சாத்தனார் என அடைமொழிகளே அவரை வேறுபடுத்துகின்றன. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்பதனுள் ஊர், தந்தை, தன்பெயர் மூன்றும் முறையே நிற்றல் காண்க. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்பதில் ஊரும், ஊரினுள் சேரியும், பின்னர்ப் பெயரும் வந்தன. பெரியதினின்று சிறியதற்குச் செல்லும் வரிசை இது.

மலாயாவில் ஊர் நீங்கித் தந்தை பெயர் நிலைத்தது. மகனுக்கு ‘அனாக் லெலாக்கி’, மகளுக்கு ‘அனாக் பெரம்புவான்’ என்னும் மலாய்த் தொடர்களின் குறுக்கங்கள் இரு பெயர்களையும் இணைத்தன. ஆனால், காதிற் கேட்டவாறே பெயர்கள் உரோமன் எழுத்தில் பதியப்பட்டன. முனியாண்டி என்பதன் ஈற்று இகரத்தை ஒருவர் ‘ஐ’ எழுத்தாலும், மற்றொருவர் ‘ஒய்’ எழுத்தாலும் எழுதினர். அண்ணன் சான்றிதழில் ஒருவகையாகவும் தங்கை சான்றிதழில் வேறுவகையாகவும் தந்தை பெயர் அமையின், இருவரும் ஒருவர் மக்களே என நிறுவ அலைதல் நேரும்.

1948இல் அவசரகாலச் சட்டத்தின்கீழ் அடையாள அட்டை வந்தது. 1990 முதல் வழங்கும் 12 இலக்க எண்ணில் முதல் 6 இலக்கங்கள் பிறந்த ஆண்டு, திங்கள், நாள். அடுத்த 2 பிறந்த இடம். கெடாவுக்குரிய எண்களுள் 02 ஒன்று. எஞ்சிய 4 இலக்கங்களுள் ஈற்றிலக்கம் ஒற்றையாயின் ஆண், இரட்டையாயின் பெண். காலமும் இடமும் ஈண்டு அடைமொழியாயின.

இந்நெறி மக்கட்கே உரியதன்று. கணினித் தரவைச் சேமிக்கும் கருவிகள் வலையமைப்பில் இணையுங்கால் அவற்றுக்கும் இவ்விடர் உண்டு. பெயர் மயங்கின் ஒருவர் கணக்கின்மேல் மற்றொருவர் கணக்கு எழுதப்பட்டு அழியும். ‘ஃபைபர் சேனல்’ முறையில் கருவியின் பெயர் 64 பிட்டு எண், ஐ.இ.இ.இ. என்னும் அமைப்பு ஆக்கிய நிறுவனத்துக்கு அளித்த எண் அதனுள் அடங்கும். அந்நிறுவன எண் குடிப்பெயர் போன்றது. 2004இல் வரையறுக்கப்பெற்ற ‘ஐஸ்கசி’ முறையில் வழங்கும் ஒருவகைப் பெயரில் ஆண்டும் திங்களும், நிறுவனத்தின் இணையப் பெயரும், பின்னர்த் தனிப்பெயரும் வரும். இணையப் பெயர் பிற்காலத்தில் பிறர் கைக்கு மாறக்கூடும். ஆதலின் அஃது எக்காலத்தில் உரியதாயிருந்தது என்பதையும் குறித்தனர். அவ்விணையப் பெயரும் திருப்பி எழுதப்பட்டு, பெரும்பிரிவு முன்னும் சிறுபிரிவு பின்னும் நிற்கும். முடமோசியார் பெயரின் வரிசை அன்றோ இது!

2005இல், பிற முறைகளின் எண்வழிப் பெயரையே ஐஸ்கசியிலும் ஆளும் வழி வகுக்கப்பட்டது. கருவி எவ்வழி அணுகப்படினும் பெயர் ஒன்றாதல் வேண்டும் என்பதே கருத்து. கருவிகட்கு இத்துணைக் கவனம் வேண்டுமெனின், குழந்தைகட்கு எத்துணை வேண்டும்? பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பெயரெழுதும் ஆசிரியர், பிறப்புச் சான்றிதழோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுக. நக்கீரரும் ஓர் ஆசிரியரின் மகனார் என்பதை நாம் இன்றும் அறிவது, அன்று ஒருவர் அவர் பெயரை முழுமையாக எழுதிவைத்தமையால் அன்றோ!