எஞ்சின் அறைத் தூய்மையாக்கம்

எஞ்சின் அறைத் தூய்மையாக்கம் என்பது காரின் பானெட்டுக்கு அடியில் படியும் எண்ணெய்ப் பிசுக்கு, தூசு, சேறு, சருகு, எலி கொண்டுவந்து சேர்க்கும் குப்பை ஆகியவற்றை அகற்றும் பராமரிப்பு வேலை. பட்டறைகளில் இதற்குத் தனிப் பெயர் கிடையாது. ‘வாட்டர் சர்வீஸ்’ அல்லது ‘வாட்டர் வாஷ்’ என்ற சொல்லுக்குள் இதுவும் அடங்கிவிடும். ஒரு காலத்தில் இவ்வேலையின் பெரிய ஆபத்து தீ. இன்று அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்திருக்கிறது. இக்கட்டுரை ஆனேக்கல் வட்டாரத்தை முன்வைத்து இதை விளக்குகிறது.

வட்டாரச் சூழல்

ஆனேக்கல், பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்கோடி வட்டம். கன்னடத்தில் இச்சொல்லுக்கு ஆலங்கட்டி என்று பொருள். பொம்மசந்திரா, ஜிகனி, அத்திப்பள்ளி தொழிற்பேட்டைகள் இவ்வட்டத்தில் உள்ளன. தேசிய நெடுஞ்சாலை 44 சந்தாபுரா, அத்திப்பள்ளி வழியாகச் சென்று ஓசூரில் தமிழகத்துக்குள் நுழைகிறது. ஜிகனிப் பகுதி கிரானைட் அறுத்து மெருகேற்றும் தொழிலுக்குப் பெயர்பெற்றது. கிரானைட்டில் கணிசமான பங்கு குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவில் அதன் எண் 7. இந்தக் கிரானைட் தூசு எண்ணெய்க் கசிவில் ஒட்டினால் அது வெறும் அழுக்கன்று, உப்புத்தாள் போலத் தேய்க்கும் பொருள். பெல்ட்டையும் தாங்கிகளையும் அது அரிக்கிறது. ரேடியேட்டர் தகடுகளின் இடுக்கை அடைத்து எஞ்சின் சூட்டைக் கூட்டுகிறது. இத்தூசை மூச்சில் தொடர்ந்து இழுப்பவர்களுக்கு சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரக்கூடும். ஆகவே இங்கு கம்ப்ரஸர் காற்றை அடித்துத் தூசு பறக்கவிடும் வழக்கத்தை முகக்கவசம் இன்றிச் செய்யலாகாது.

வரலாறு

தொடக்கக் கால எஞ்சின்கள் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அவற்றில் தண்ணீருக்கு அஞ்சவேண்டிய உறுப்பு தீப்பொறி அமைப்பு ஒன்றுதான். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய பேட்டரித் தீப்பொறி அமைப்பு 1910ஐ ஒட்டி காடிலாக் கார்களில் இடம்பெற்றது. 1912இல் அதே நிறுவனம் மின் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தது. அதன்பின் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் உலகெங்கும் பாயிண்ட், கண்டென்ஸர், டிஸ்ட்ரிப்யூட்டர் என்ற மூன்றும் சேர்ந்தே பெட்ரோல் எஞ்சினை ஓட்டின.

டிஸ்ட்ரிப்யூட்டர் மூடிக்குள் ஈரம் புகுந்தால், பிளக்குக்குப் போகவேண்டிய உயரழுத்த மின்சாரம் மூடியின் உட்சுவரில் வழி கண்டுகொள்ளும். அது ஓடிய தடம் கரிக்கோடாகப் பதியும். பிறகு ஈரம் காய்ந்தாலும் மின்சாரம் அந்தக் கோட்டை விடாது. மூடியை மாற்றியே தீரவேண்டும். இதற்குப் பெயர்போன உதாரணம் 1959இல் பிரிட்டனில் வெளியான மினி கார். குறுக்காகப் பொருத்திய எஞ்சினில் டிஸ்ட்ரிப்யூட்டர் முன் கிரில்லுக்கு நேர் பின்னால் அமைந்ததால், மழைச்சாலையில் தெறிக்கும் நீரே வண்டியை நிறுத்திவிடும்.

இந்தியாவில் அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் கோலோச்சிய காலத்தில் பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்கும் பக்கச் சுவருக்கும் இடையே தரை தெரியும். கை தாராளமாக நுழையும் அந்த இடைவெளிதான் அக்கால முறையைத் தீர்மானித்தது. டிஸ்ட்ரிப்யூட்டரையும் கார்புரேட்டர் வாயையும் துணியால் கட்டி, மண்ணெண்ணெயைப் பிரஷால் தடவி, பிசுக்கு இளகியதும் சோப்புத்தூள் கரைத்த நீரால் கழுவிவிடுவார்கள். பெரிய சர்வீஸ் நிலையங்களில் கம்ப்ரஸர் காற்றோடு மண்ணெண்ணெயையோ டீசலையோ கலந்து பீய்ச்சுவதும் உண்டு.

சட்டத்தின் பார்வையில் மண்ணெண்ணெய் விளையாட்டுப் பொருளன்று. 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் இவ்வகைத் திரவங்களை அவற்றின் தீப்பற்று வெப்பநிலையைக் கொண்டு மூன்றாகப் பகுக்கிறது. 23 பாகை செல்சியஸுக்குக் கீழே ஆவி தீப்பற்றுபவை முதல் வகுப்பு; பெட்ரோல் இதில் சேரும். 23 முதல் 65க்குள் இரண்டாம் வகுப்பு. மண்ணெண்ணெயும் டீசலும் இதில் அடங்கும். 65 முதல் 93க்குள் மூன்றாம் வகுப்பு. இந்தியத் தரப்படி மண்ணெண்ணெயின் தீப்பற்று வெப்பநிலை குறைந்தது 35 பாகை. ஓடி நின்ற எஞ்சினைக் குளிர்விக்கும் நீரோ 90 பாகையை ஒட்டி இருக்கும். புகைபோக்கிக் குழாய் அதனினும் பன்மடங்கு சூடு. ஆறாத எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றுவது எரியக் காத்திருக்கும் ஆவியை நாமே கிளப்புவதற்குச் சமம். பீய்ச்சும்போது உண்டாகும் நுண்துளிப் புகை, தீப்பற்று வெப்பநிலைக்குக் கீழேயே பற்றிக்கொள்ளும். பெட்ரோலால் துடைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

1993ஆம் ஆண்டின் மண்ணெண்ணெய்ப் பயன்பாட்டுக் கட்டுப்பாட்டு ஆணை, ரேஷனில் வழங்கும் நீல மண்ணெண்ணெயைச் சமையலுக்கும் விளக்குக்கும் அன்றி வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்றது. பட்டறை வழக்கம் அதனால் உடனே மாறிவிடவில்லை. மண்ணெண்ணெய் ரப்பரை ஊதவைத்து இளக்கிவிடும் என்பதும் ஹோஸ்கள் அடிக்கடி வெடித்தபோதுதான் உறைத்தது.

உண்மையான திருப்பம் மாசுக் கட்டுப்பாட்டு விதிகளால் வந்தது. பாரத் ஸ்டேஜ் எனப்படும் பி.எஸ். 4 விதி 2010 ஏப்ரலில் பெங்களூரு உள்ளிட்ட 13 நகரங்களில் நடைமுறைக்கு வந்தது, பி.எஸ். 6 விதி 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும். இவற்றுக்கு முந்தைய விதிகளின் காலத்திலேயே கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்திருந்தது. டிஸ்ட்ரிப்யூட்டர் போய் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்தது. சென்சார்களும் அவற்றின் வயர்களும் கட்டுப்பாட்டுக் கணினியும் எஞ்சின் அறையை நிறைத்தன. தரை தெரிந்த இடைவெளி மறைந்தது. பழைய முறை அப்போதே காலாவதியாயிற்று.

முறைகளின் வகைப்பாடு

உலர்முறை: மென்பிரஷ், வேக்குவம், உலர்ந்த துணி. தூசு, சருகு, எலிக்கூடு ஆகியவற்றுக்கு இது போதும். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவக்கூடும் என்பதால் கையுறை அவசியம்.

ஈரத்துணி முறை: பிசுக்கு நீக்கும் திரவமான டீகிரீஸரைத் துணியிலோ பிரஷிலோ எடுத்துப் பிசுக்கு உள்ள இடத்தில் மட்டும் தேய்த்து, ஈரத்துணியால் இருமுறை துடைப்பது. இன்றைய கார்களுக்கு உகந்த முறை இதுவே. கடுங்காரம் கலந்த டீகிரீஸர் அலுமினியத்தை அரித்து வெளுக்கவைக்கும். தற்கால எஞ்சின்களில் அலுமினியப் பாகங்களே மிகுதி.

நீர்முறை: தோட்டக் குழாய் அளவு மெல்லிய நீர். மின் இணைப்புகளை மூடிய பிறகே இதற்கு இடமுண்டு.

அழுத்த நீர்முறை: பிரஷர் பம்பால் பீய்ச்சுவது. வேகமானது, கண்ணுக்கு நிறைவானது, கேடானது.

இறுதி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மின் உறுப்புகளுக்கான ‘ஐ.பி.’ குறியீடு தெளிவாக்கும். ஐ.இ.சி. 60529 தரத்தில், குறியீட்டின் இரண்டாம் எண் நீர்த்தடுப்பைச் சொல்கிறது. 4 என்றால் தெறிக்கும் நீர். 5 என்றால் நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பாய்ச்சல். 6 என்றால் 100 லிட்டர். 7 என்பது 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம். இதில் பலர் கவனிக்காதது ஒன்று: 7 பெற்ற உறுப்பு 5ஐயும் 6ஐயும் தாங்கும் என்று கொள்ள முடியாது. மூழ்கினால் தாங்கும் இணைப்பான், பாய்ச்சலில் தோற்கலாம். மேலும் இந்த எண்கள் புதிய உறுப்புக்கு உரியவை. பத்தாண்டு வெந்த ரப்பர் வளையம் இறுகி, வாய் திறந்திருக்கும்.

பாதுகாப்பான செய்முறை

எஞ்சினை நிறுத்தி, வெறுங்கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறவிடவேண்டும். சூடான வார்ப்பிரும்பில் குளிர்நீர் பட்டால் விரிசல் விழக்கூடும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. உள்ளே இருக்கும் நீர் அழுத்தத்தால் 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் இருந்து, திறந்த கணத்தில் சீறி எழும்.

சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை முதலில் கழற்றவேண்டும். மாட்டும்போது அதுவே கடைசி. பேட்டரியிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் காற்றில் 4 விழுக்காடு இருந்தாலே தீப்பொறியில் வெடிக்கும். முனைகளில் பூத்த வெண்பச்சைப் பொருளைச் சமையல் சோடா கரைசலால் நீக்கலாம்.

ஃபியூஸ் பெட்டி, கணினி, ஆல்டர்னேட்டர், காயில்கள், ஏர் ஃபில்டர் வாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் கட்டவேண்டும். காற்று வழியே நீர் சிலிண்டருக்குள் போனால், பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆல்டர்னேட்டர் குளிர்ச்சிக்காகத் திறந்தே செய்யப்பட்டது. அதன் வாய்க்கு நேரே நீர் காட்டலாகாது. ரேடியேட்டர் தகடுகள் பிரஷர் நீரில் மடங்கிப்போகும். பிசுக்கை மேலிருந்து கீழாகத் துடைத்து, பைகளைப் பிரித்தபின் பானெட்டைத் திறந்தபடியே காயவிடவேண்டும். ஓடவிட்டு உலர்த்துவதானால் திறந்த வெளியில் மட்டும். மூடிய ஷெட்டில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

பிசுக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அது அழுக்கன்று, கசிவு. அதைக் கழுவி மறைப்பதைவிட கேஸ்கெட்டை மாற்றுவதே முறை.

நீரும் கழிவும்

ஆனேக்கல் வட்டம் பெரிதும் ஆழ்துளைக் கிணறுகளை நம்பியது. கடின நீர் எஞ்சின் சூட்டில் உலர்ந்தால் வெண்தடம் விட்டுப்போகும். அதில் கரைந்த உப்புகள் மின் இணைப்புகளில் அரிப்பைத் தூண்டும். 2024 மார்ச்சில், கடும் தண்ணீர்த் தட்டுப்பாட்டின்போது, பெங்களூரு குடிநீர் வாரியம் குடிநீரால் வாகனம் கழுவத் தடைவிதித்து 5,000 ரூபாய் அபராதம் அறிவித்தது. வாரிய எல்லைக்கு வெளியிலும் நியாயம் அதேதான். எண்ணெய் கலந்த கழுவுநீர் சாக்கடை வழியே சேருமிடம் ஏரி. இவ்வட்டத்துச் சந்தாபுரா ஏரி மாசடைந்ததற்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீட்டுத் தொகை விதித்தது. எண்ணெய்ப் பிரிப்புத் தொட்டி உள்ள நிலையத்தில் மட்டுமே நீர்முறை தகும்; பிசுக்குத் துணியைத் தனியே கட்டி ஒப்படைக்கவேண்டும்.

இன்றைய நிலை

மின்சாரக் கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும் ஆரஞ்சு நிற உறையுள்ள கம்பிகள் உயரழுத்த மின்சாரம் கொண்டவை. அவற்றைப் பயிற்சி பெற்றவர் அன்றிப் பிறர் தொடக் கூடாது. இவ்வண்டிகளில் தூசு துடைப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது.