புத்தகம் தானாக நடந்து வராது

செமஸ்டர் முடிந்து வீட்டில் வெட்டியாக உட்கார்ந்திருந்தேன். பழைய ரசீதுகளையெல்லாம் அடுக்கி வைக்கச் சொன்னார் அப்பா. (பி.காம் படிக்கிற பையன் இதற்காகவாவது பயன்படுவான் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை!) அடுக்கிக்கொண்டே வந்தபோது ஊராட்சி வீட்டு வரி ரசீதில் கண் நின்றது. வீட்டு வரிக்குக் கீழே தனியாக ஒரு தொகை போட்டிருந்தார்கள். நூலக வரி, ரூபாய்க்குப் பத்து பைசா.

"அப்பா, இது எதுக்குப்பா?"

"அது வருசா வருசம் போடுவாய்ங்க. கட்டிட்டு வந்துருவேன்."

அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கட்டின காசு எங்கே போகிறது என்று பார்ப்போமே என்று சாயங்காலம் ஊர் நூலகத்துக்குப் போனேன். எங்கள் ஊர் மேலூர் பக்கம். நூலகத்தில் நாலைந்து பெரியவர்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் சிறுவர் நூல்கள் என்று ஒரு அலமாரி. ஒரு கதைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அச்சான வருடத்தைப் பார்த்தால் பத்து வருடம் ஆகியிருந்தது, ஆனால் புத்தகம் புத்தம் புதுசு. யாராவது தொட்டால்தானே கசங்கும்? வெளியே நூறு அடி தள்ளி பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

புத்தகத்துக்குக் காசு கொடுத்தாயிற்று. புத்தகமும் வந்தாயிற்று. பிள்ளைகளும் இருக்கிறார்கள். நடுவில் அந்த நூறு அடிதான் பாக்கி. இந்த நூறு அடியைக் கடக்க நம் ஊர் ஆட்கள் இதுவரைக்கும் என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

மாட்டு வண்டி

முதல் ஆள் எஸ்.ஆர். ரங்கநாதன். 1892ல் சீர்காழியில் பிறந்தவர். கணக்கு வாத்தியாராக இருந்து, பிறகு சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். இந்திய நூலகவியலின் தந்தை என்று பொது அறிவு கைடில் ஒரு வரியாகப் படித்துவிட்டு மறந்திருப்போம். அவர் வகுத்த ஐந்து நூலக விதிகள் புத்தகமாக வந்தது 1931ல். அதே வருடம் அக்டோபரில் மன்னார்குடியில் ஒரு மாட்டு வண்டி கிளம்பியது. வண்டி நிறைய புத்தகம்! கனகசபைப் பிள்ளை என்பவர் முன்னின்று நடத்திய நடமாடும் நூலகம் அது. சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்குப் புத்தகம் மாட்டு வண்டியில் போய் இறங்கியது.

ஜனங்கள் நூலகத்துக்கு வரவில்லை என்று குறை சொல்லவில்லை அவர்கள். நூலகத்துக்குச் சக்கரம் கட்டினார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1948ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் வந்தது இங்கேதான் முதலில். அதற்குப் பின்னாலும் ரங்கநாதன்தான். அப்பாவின் ரசீதில் இருக்கும் நூலக வரிக்கு அந்தச் சட்டம்தான் வேர்.

வங்கியில் வேலை பார்த்த கவிஞர்

சரி, புத்தகம் ஊருக்கு வர வழி பிறந்தது. பிள்ளைகள் படிக்கத் தமிழில் எழுதுவது யார்? இங்கேதான் எனக்குப் பிடித்த ஆள் வருகிறார். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா.

1922ல் புதுக்கோட்டைப் பக்கம் ராயவரத்தில் பிறந்தவர். எங்கள் அம்மாச்சி ஊரும் அதற்குப் பக்கம்தான், அதனால் எனக்குக் கொஞ்சம் சொந்தப் பெருமை. அதே ராயவரத்துக்காரரான வை. கோவிந்தன் சென்னையில் நடத்திய சக்தி பத்திரிகை அலுவலகத்தில் முதலில் வேலை. 1941ல் இந்தியன் வங்கிக்குப் போனார். 1944ல் 'மலரும் உள்ளம்' என்ற முதல் பாட்டுத் தொகுப்பு வந்தது. வங்கி வேலையை விடாமலேயே காலம் முழுக்கக் குழந்தைகளுக்கு எழுதினார்.

நம் வகுப்பில் யாரைக் கேட்டாலும் லட்சியம் பேங்க் எக்ஸாம்தான். அந்த வேலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டே ஒரு மனிதர் தமிழ்க் குழந்தைகளில் பாதிப் பேர் வாயில் பாட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று யாராவது நமக்குச் சொன்னார்களா? நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1982ல் அவருக்குத் 'தமிழ்ப் பேரவைச் செம்மல்' பட்டம் கொடுத்திருக்கிறது. எனக்கே இப்போதுதான் தெரியும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவர் பாட்டைப் பற்றி இல்லை. 1950ல் அவரும் நண்பர்களும் சேர்ந்து குழந்தை எழுத்தாளர் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். கூட்டம் போட்டார்கள், மாநாடு நடத்தினார்கள். தமிழில் குழந்தைகளுக்கு எழுதுகிறவர்கள் யார் யார் என்று விவரம் திரட்டிப் புத்தகமாகவே போட்டார்கள். குழந்தைக் கதைக்கு எதற்கப்பா மாநாடு என்று முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது.

யோசித்துப் பார்த்தால் அதில் நாம் படிக்கிற விஷயம் இருக்கிறது. சோப்போ பிஸ்கட்டோ விற்றால், வாங்குகிறவருக்கே பிடித்திருந்தால் போதும், மறுபடி வாங்குவார். குழந்தைப் புத்தகத்தில் அப்படி இல்லை. படிக்கிறது ஒருவர், காசு கொடுக்கிறது இன்னொருவர். ஏழு வயசுப் பிள்ளை கடைக்குப் போய்ப் பேரம் பேசாது. அப்பா, அம்மா, வாத்தியார், நூலகர் இவர்களுக்கு நம்பிக்கை வந்தால்தான் புத்தகம் பிள்ளை கைக்குப் போகும். கதைப் புத்தகம் படித்தால் பாடம் கெட்டுவிடும் என்று நினைக்கிற பெரியவர்களிடம் யாராவது மேடை போட்டுப் பேசித்தானே ஆகவேண்டும்? எழுதுகிறவனுக்கும் ஒரு தெம்பு வேண்டும். சின்னப் பசங்களுக்கு எழுதுகிறவன் சின்ன எழுத்தாளன் என்கிற நினைப்பு இன்றைக்கும் இருக்கிறது. மாநாட்டில் நூறு பேர் கூடி உட்கார்ந்தால் அந்த நினைப்பு கொஞ்சம் ஆட்டம் காணும். அதுதான் மாநாட்டின் லாபம்.

1972ல் சென்னையில் கல்கி குழுமம் 'கோகுலம்' ஆரம்பித்தது. அதே வருடம் இங்கே சிவகாசியில் முத்து காமிக்ஸ் பிறந்தது. முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி! என் பெரியப்பா இன்றைக்கும் மாயாவி கதையை ஆள் பார்த்த மாதிரி சொல்லுவார். குழந்தைக் கதையைத் தாண்டிவிட்ட, பெரியவர்கள் நாவலுக்கு இன்னும் வராத அந்த இரண்டும் கெட்டான் வயசுக்குத் தமிழில் ரொம்ப நாள் தீனி போட்டது காமிக்ஸ்தான். வள்ளியப்பா வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கோகுலம் ஆசிரியராக இருந்தார். 1989ல் மறைந்தார்.

அம்மாச்சி படித்த பஸ் போர்டு

அதே எண்பதுகளில் இன்னொரு பக்கம் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் வேலை செய்துகொண்டிருந்தது. சிறுவர்களுக்கான 'துளிர்' அறிவியல் மாத இதழ் 1987ல் வந்தது. 1990ல் கேரளத்தின் எர்ணாகுளம் நாட்டிலேயே முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் ஆனது. அந்த அலை இங்கே அறிவொளி இயக்கமாக வந்தது.

புதுக்கோட்டையில் அது 1991-92ல் நடந்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். ஊர் ஊராகக் கலைக்குழு போய்ப் பாட்டும் நாடகமும் போட்டுக் கூட்டம் சேர்த்தது. சம்பளம் வாங்காத தொண்டர்கள் ராத்திரியில் வகுப்பு எடுத்தார்கள். எழுத்தோடு சேர்த்துப் பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கிளம்பிய அந்தக் கதையைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் உலகத்துக்கே எழுதிச் சொன்னார்.

எங்கள் அம்மாச்சி சைக்கிள் விடவில்லை (விழுந்துவிடுவோம் என்று பயமாம்). ஆனால் எழுத்துக் கற்றுக்கொண்டது. சொல்லிக்கொடுத்தது தெருவில் இருந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. முதன்முதலாகத் தானாக வாசித்தது ஒரு பஸ் போர்டு. "அறந்தாங்கின்னு நானே படிச்சு நானே ஏறுனேன்டா" என்று இப்போது சொல்லும்போதும் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். பிறகு பெரிய எழுத்தில் அச்சடித்த சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களைப் படித்திருக்கிறது. அம்மாவுக்கே படித்துக் காட்டியிருக்கிறது.

"அப்புறம் ஏன் அம்மாச்சி விட்டுட்ட?" என்று கேட்டேன்.

"யாரு கொண்டாந்து குடுத்தா? வகுப்பு முடிஞ்சுச்சு, புள்ளையும் கல்யாணம் ஆகிப் போயிருச்சு."

இப்போது அம்மாச்சி கையெழுத்துப் போடும். பஸ் போர்டு படிக்கும். கதைப் புத்தகம் கொடுத்தால் இரண்டு வரிக்கு மேல் ஓடாது. எழுத்து மறந்ததற்குக் கண் மட்டும் காரணம் இல்லை. எனக்கு இது ரொம்ப உறுத்தியது. இவ்வளவு பெரிய இயக்கம், கலெக்டர் முதல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வரை இறங்கி வேலை பார்த்த இயக்கம், அம்மாச்சியை வாசிப்பின் வாசல்வரை கொண்டுவந்து விட்டது. அடுத்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வர ஆள் இல்லை. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

இன்றைக்கு மதுரை

இப்போது நமக்கு என்ன குறை? 2006லிருந்து தமுக்கத்தில் புத்தகத் திருவிழா பார்க்கிறோம். 2010ல் சாகித்ய அகாதமி குழந்தை இலக்கியத்துக்கென்று தனியாகப் பால சாகித்ய புரஸ்கார் கொடுக்க ஆரம்பித்தது. தமிழில் அந்த முதல் விருது திண்டுக்கல் மா. கமலவேலனுக்கு, 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி'க்காக. 2012ல் ராஜபாளையம் கொ.மா. கோதண்டத்துக்கு. 2019ல் வாங்கியவர் தேவி நாச்சியப்பன், வள்ளியப்பாவின் மகள். 2023ல் கோவில்பட்டி உதயசங்கருக்கு, அவர் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். பார்த்தீர்களா, எல்லாம் நம்மைச் சுற்றியிருக்கிற ஊர்கள்! 2023 ஜூலை 15, காமராசர் பிறந்தநாளன்று புதுநத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். ஏழு தளம். குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி. முதல் தடவை போனபோது, நான் ஏன் பத்து வருடம் முன்னாடி பிறந்து தொலைத்தேன் என்று இருந்தது.

இதெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் மேலூர் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை அங்கே வர வேண்டுமென்றால் மாட்டுத்தாவணிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், கூட ஒரு பெரிய ஆள், ஒரு நாள் கூலி போக்கு. வருடத்துக்கு ஒரு தடவை திருவிழா பார்க்கிற மாதிரி வரலாம். வாரா வாரம் முடியுமா?

அந்த மாட்டு வண்டிதான் மறுபடி ஞாபகம் வந்தது. இந்தக் கதையில் வருகிறவர்களைக் கொஞ்சம் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒருவர் கணக்கு வாத்தியார். ஒருவர் வங்கி ஊழியர். ஒருவர் ஸ்டேஷன் மாஸ்டர். அறிவொளியில் தொண்டராக இறங்கி 'இருளும் ஒளியும்' என்று அந்த அனுபவத்தை எழுதிய ச. தமிழ்ச்செல்வன் தபால் துறைக்காரர். அம்மாச்சியின் டீச்சர் ஒன்பதாம் வகுப்பு. இவர்களில் யாரும் வேலையை உதறிவிட்டுத் தவம் செய்யப் போகவில்லை. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் அவர்கள் மூலதனம். மாநாடும் திருவிழாவும் ஊரைக் கூட்டும், பேச்சைக் கிளப்பும், எழுதுகிறவனுக்கு மரியாதை கொடுக்கும். வேண்டியதுதான். ஆனால் பந்தலைப் பிரித்த பிறகு, அடுத்த வாரம் புத்தகத்தைத் தூக்குவது யார் என்கிற கேள்விக்குப் பதில் இருந்தால்தான் அது வரவில் சேரும். இல்லாவிட்டால் செலவுக் கணக்கு.

ரொம்ப அட்வைஸ் பண்ணிவிட்டேனோ? சரி, என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நூலகரிடம் கேட்டு ஐந்து புத்தகம் எடுத்துக்கொண்டு அந்தக் கிரிக்கெட் மைதானத்துக்குப் போனேன். முதல் சனிக்கிழமை ஒருத்தன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "அண்ணே, ஒதுங்குங்கண்ணே, பந்து படும்" என்றதோடு சரி. இரண்டாவது சனிக்கிழமை அவுட் ஆகி உட்கார்ந்திருந்த ஒருத்தன் "படம் இருக்காண்ணே?" என்று கேட்டான். மூன்றாவது வாரம் மூன்று பேர். இப்போது ஏழு பேர். பேட்டிங் வராத நேரத்தில் படிக்கிறார்கள். நேற்று ஒரு புத்தகத்தைத் திருப்பி வாங்கினேன், அட்டையில் காபிக் கறையும் ஓரத்தில் மண்ணும். நூலகர் திட்டுவார் என்று பயந்துகொண்டே நீட்டினேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

இந்த வாரம் பெரிய எழுத்துப் புத்தகம் ஒன்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அது கிரிக்கெட் மைதானத்துக்கு இல்லை. அம்மாச்சி ஊருக்கு.

நீங்களும் உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள் நண்பர்களே. காசு ஏற்கெனவே கட்டியாயிற்று. நூறு அடி நடந்தால் போதும்.