மகுல் மடுவ: கண்டியின் பழைய நீதி மண்டபம்

மகுல் மடுவ என்பது கண்டி நகரில் தலதா மாளிகையை அடுத்து, பழைய அரண்மனை வளாகத்துள் அமைந்துள்ள மரத்தூண் மண்டபமாகும். மன்னரின் அரசவையாகவும் குடிகளின் இறுதி முறையீட்டு மன்றாகவும் எழுந்த இம்மண்டபம், 1815க்குப் பின் பிரித்தானியரின் நீதிமன்றமாகவும் பயன்பட்டது. மகாவலி கங்கைக் கரையிலுள்ள கட்டுகஸ்தோட்டை உள்ளிட்ட சுற்றூர்களுக்கும் கண்டியே நீதித் தலைமையிடமாக விளங்கியமையால், இம்மண்டபத்தின் வரலாறு மலைநாட்டு நீதிமுறையின் வரலாறாகவும் அமைகிறது.

தோற்றமும் அமைப்பும்

மதுரைத் தொடர்புடைய நாயக்கர் மரபைச் சேர்ந்த ஸ்ரீ ராஜாதி ராஜசிங்கன் 1783இல் தொடங்கிய கட்டுமானம், அம்மரபின் கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் காலத்திலும் தொடர்ந்தது. கல்லால் உயர்த்திய தளத்தின் மேல், பூவேலையும் கொடிவேலையும் செதுக்கிய மரத்தூண்கள் வரிசையாக நின்று, தட்டையோடு வேய்ந்த செங்குத்தான கூரையைத் தாங்குகின்றன. நாற்புறமும் சுவரின்றித் திறந்து கிடப்பதே இதன் சிறப்பியல்பு.

மன்னராட்சிக்கால நீதி

கண்டி இராச்சியத்தில் நீதி படிப்படியாக மேலேறிச் செல்லும் அமைப்பைக் கொண்டிருந்தது. ஊர்ப் பெரியோர் கூடிய கம்சபா எல்லைத் தகராறு, கடன், சிறு களவு போன்றவற்றைத் தீர்த்தது; அதற்கு மேல் பகுதித் தலைவர்களும், திசாவைகள் எனப்பட்ட மாகாண ஆளுநர்களும், மன்னருக்கு அடுத்த நிலையிலிருந்த அதிகாரிமாரும் வழக்குக் கேட்டனர். தலைமைப் பிரதானிகள் ஒருங்கே அமர்ந்த மன்று மகா நடுவ எனப்பட்டது. நிலவழக்கில் வென்றவருக்குத் தீர்ப்பு ஓலையில் எழுதிக் கொடுக்கப்பட்டது. சான்றுகளால் உண்மை துலங்காதபோது தேவாலயச் சத்தியமும், கொதிக்கும் எண்ணெயில் கைவிடும் சோதனையும் கைக்கொள்ளப்பட்டன. மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் மன்னர் ஒருவருக்கே உரியதாயிருந்தது. இம்முறைகளை, 1815 முதல் 1824இல் இறக்கும்வரை கண்டியில் பிரித்தானியப் பிரதிநிதியாயிருந்த ஜோன் டொய்லி விரிவாக எழுதிவைத்துள்ளார்.

1815 உடன்படிக்கையும் அதன் தேய்வும்

1815 மார்ச் 2ஆம் திகதி தேசாதிபதி ரொபர்ட் பிரவுன்ரிக்கும் கண்டிப் பிரதானிகளும் இம்மண்டபத்தில் கூடி, நாட்டைப் பிரித்தானிய முடிக்கு உரியதாக்கிய கண்டி உடன்படிக்கையை நிறைவேற்றினர். அதன் 12 பிரிவுகளுள் சில நீதி பற்றியவை: உடலூறு செய்யும் தண்டனைகள் ஒழிக்கப்பட்டன, தேசாதிபதியின் எழுத்தாணையின்றி மரண தண்டனை நிறைவேற்றலாகாது என விதிக்கப்பட்டது, கண்டியரின் வழக்குகள் நிலவிவந்த முறைப்படி, வழமையான அதிகாரிகளாலேயே விசாரிக்கப்படும் என வாக்களிக்கப்பட்டது.

இவ்வாக்கு மூன்றே ஆண்டுகளில் சுருங்கியது. 1817இல் ஊவாவில் வெடித்து 1818இல் ஒடுக்கப்பட்ட கிளர்ச்சியை அடுத்து, 1818 நவம்பர் 21ஆம் திகதிப் பிரகடனம் பிரதானிகளின் நீதி அதிகாரத்தைப் பெரிதும் குறைத்து, கண்டியிலிருந்த பிரித்தானிய ஆணையாளர்களிடம் ஒப்படைத்தது; முன்பு தீர்ப்பளித்த பிரதானிகள் இனி வழக்காறு எடுத்துரைக்கும் துணையாளராக அருகே அமர்ந்தனர். கோல்புரூக்–கமரன் ஆணைக்குழு விசாரணையின் விளைவான 1833ஆம் ஆண்டு நீதிச் சாசனம் கரையோரத்துக்கும் மலைநாட்டுக்கும் ஒரே நீதித்துறையை ஏற்படுத்தி, மாவட்ட நீதிமன்றங்களை நிறுவி, உயர் நீதிமன்றம் சுற்று முறையில் கண்டிக்கு வந்து அமரவும் வழிசெய்தது.

நீதிமன்றமான அரசவை

புதிய மன்றங்களுக்கு அரசவை மண்டபமே இடமளித்தது. கண்டியில் ஆங்கிலத் திருச்சபைக்குத் தனிக் கோயில் அமையும்வரை ஞாயிறு வழிபாடும் இங்கேயே நடந்தது. 1835இல் மொல்லிகொட, துனுவில ஆகிய பிரதானிகள் மீதான இராசத்துரோக வழக்கு கண்டியில் யூரர் முன் விசாரிக்கப்பட்டு, இருவரும் குற்றமற்றவர்களென விடுவிக்கப்பட்டனர். ஆட்சியாளர் தொடுத்த வழக்கை யூரர் தள்ளியமை, புதிய முறை அதிகாரத்துக்குக் கட்டுப்பட்டதாக மட்டும் இருக்கவில்லை என்பதைக் காட்டியது. 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியில் அரசனாக முடிசூட்டப்பட்ட கொங்காலேகொட பண்டாவும் அவ்வாண்டின் இறுதியில் கண்டியில் கூடிய உயர் நீதிமன்ற அமர்வில் மரண தண்டனை பெற்றார். பின்னர் அது கசையடியாகவும் மலாக்காவுக்கு நாடுகடத்தலாகவும் குறைக்கப்பட்டது. இதே கிளர்ச்சியின் தலைவர்களுள் ஒருவரான வீரபுரன் அப்பு இராணுவ மன்றின் தீர்ப்பால் உடனடியாகச் சுட்டுக்கொல்லப்பட்டதை ஒப்புநோக்கினால், முறையான நீதிமன்றம் அளிக்கும் கால அவகாசம் ஓர் உயிரைக் காக்கவல்லது என்பது தெளிவாகும்.

வேல்ஸ் இளவரசரின் 1875ஆம் ஆண்டு வருகையையொட்டி மண்டபம் நீட்டப்பட்டது.

இன்றைய நிலை

1988இல் கண்டிப் புனித நகர் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மண்டபமும் அதன் பகுதியாகக் காக்கப்படுகிறது. இங்கு வழக்குகள் இப்போது நடைபெறுவதில்லை. எனினும் உடன்படிக்கை காப்பதாகக் கூறிய வழமைகள் முற்றாக அழியவில்லை: கண்டிச் சிங்களவரின் திருமணம், மணமுறிவு, வாரிசுரிமை ஆகியவற்றில் கண்டிச் சட்டம் எனப்படும் தனியாள் சட்டம், 1938ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தாலும் 1952ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சட்டத்தாலும் வரையறுக்கப்பட்டு இன்றும் வழங்கிவருகிறது. மன்று நடத்திய பிரதானிகளின் அதிகாரம் மறைந்த பின்னும், அவர்கள் அறிந்திருந்த வழமையின் ஒரு பகுதி எழுத்துச் சட்டமாகி நிலைத்திருப்பதே இம்மண்டபத்தில் நடந்த நீதிப் பணியின் நிலையான பயனாகும்.