மணலும் வால்வும்: மெதுமணல் வடிகட்டிகளில் நீரோட்டக் கட்டுப்பாட்டின் வரலாறு

நீர் வடிகட்டும் நிலையங்களின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் மணலைப் பற்றியே எழுதியுள்ளனர். 1829இல் இலண்டன் செல்சீ நீர் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் சிம்ப்சன் அமைத்த மணற்படுகை அவ்வரலாற்றில் தவறாது இடம்பெறுகிறது. படுகைக்குக் கீழே தூயநீர் வெளியேறும் குழாயில் எவ்வகை வால்வு இருந்தது, அதனை எதைக் கொண்டு அளந்து திருப்பினர் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. நோய்த்தடுப்பில் அவ்வால்வின் பங்கு மணலின் பங்கிற்குக் குறைந்ததன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து. (வால்வுக்கு 'ஓரதர்' என்னும் கலைச்சொல் உண்டு. ஒருவழிப் பாதை எனப் பொருள்படும் அச்சொல், ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவிக்கு முற்றும் பொருந்தாமையின் இங்கு 'வால்வு' என்றே ஆளப்படுகிறது.)

மெதுமணல் வடிகட்டியில் நுண்ணுயிர்களைப் பெரிதும் தடுப்பது மணலின் மேற்பரப்பில் உருவாகும் மெல்லிய உயிர்ப்படலமாகும். நீர் விரைந்து இறங்கினால் அத்தடுப்பு தளரும். பழைய நிலையங்கள் பலவற்றில் வடிகட்டியின் வெளிவாய் தூயநீர்த் தொட்டியோடு நேரே இணைந்திருந்தது. நகரம் மிகுதியாக நீர் எடுக்குங்கால் தொட்டியின் மட்டம் தாழும். வடிகட்டும் வேகம் தானே உயரும்.

இதன் விளைவை எல்பெ ஆற்றங்கரை உணர்த்தியது. 1892இல் வடிகட்டாத ஆற்றுநீரைப் பருகிய ஹாம்பர்க் நகரில் ஏறத்தாழ 8,600 பேர் காலராவால் மாண்டனர். அண்டை நகரான அல்டோனா, ஹாம்பர்க்கின் கழிவு கலந்த அதே ஆற்றுநீரை வடிகட்டிப் பருகிப் பெரிதும் தப்பியது. ஆயினும் அடுத்த குளிர்காலத்தில் அங்கும் காலரா தலைகாட்டிற்று. கடும் உறைபனியில் துப்புரவு செய்யப்பட்ட ஒரு வடிகட்டியின் கோளாறே காரணம் என ராபர்ட் காஃக் கண்டார். வடிகட்டும் வேகம் மணிக்கு 100 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது, ஒவ்வொரு வடிகட்டியின் நீரும் தனித்தனியே சோதிக்கப்பட வேண்டும் என அவர் வலியுறுத்தினார்.

வேகத்துக்கு வரம்பு விதித்தபின் வால்வைத் தேர்வது எளிதாக இருக்கவில்லை. கேட் வால்வு முழுதும் திறக்கவோ மூடவோ ஏற்றது. சிறிது திறந்தவுடனேயே ஓட்டத்தின் பெரும்பகுதி வந்துவிடுவதால் நுட்பமான கட்டுப்பாட்டுக்கு உதவாது. அன்றியும், படலம் தடிக்குந்தோறும் மணலின் தடை கூடுவதால், நேற்றைய திறப்பு இன்று குறைந்த நீரையே தரும். கைப்பிடியை எத்தனை சுற்று திருப்பினோம் என்பது எதற்கும் அளவாகாது. ஆகவே வெளிவாயில் ஒரு சிறு கலிங்கு அமைத்து, அதன்மேல் வழியும் நீரின் உயரத்தைப் பார்த்து வால்வைத் திருப்பும் முறை வந்தது. வார்சாவில் லிண்ட்லி கையாண்ட வழி இன்னும் நேர்த்தியானது: ஒன்றனுள் ஒன்று நகரும் குழாயின் வாய் மிதவையில் தொங்கி, நீர்மட்டத்துக்குக் கீழே எப்போதும் ஒரே ஆழத்தில் நிற்கும். மட்டம் ஏறினும் இறங்கினும் ஓட்டம் மாறாது. காவலரின் கையும் தேவையில்லை.

சென்னைக்கு 1872 முதல் செங்குன்றம் ஏரிநீர் கீழ்ப்பாக்கம் வழியாக வந்தது. அது மணல் வழியே இறங்கத் தொடங்கியது 1914இல், கீழ்ப்பாக்கத்து மெதுமணல் வடிகட்டிகள் அமைந்தபோதுதான். இடைப்பட்ட 42 ஆண்டுகளும் நகரத்தார் பருகியது, மதகின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட, ஆனால் வடிகட்டப்படாத நீரையே.