கிணற்றில் மூன்றில் ஒரு பாகம்

பாகப்பிரிவினைப் பத்திரத்தில் நிலத்தைப் பிரிப்பது பெரிய வித்தையில்லை. சங்கிலி பிடித்து அளந்தால் ஏக்கரும் செண்டும் வந்துவிடும். பத்திரம் எழுதுகிறவனின் கை தெரிவது, பிரிக்க முடியாததை எழுதும்போதுதான்: கிணறு, வண்டித்தடம், பொதுச்சுவர்.

கோவை, ஈரோடு பக்கத்துத் தோட்டங்களின் பழைய பத்திரங்களை நிறையப் படித்திருக்கிறேன்; தொழில் அப்படி. மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த காலத்துப் பத்திரமென்றால் கிணற்றுக்கே அரைப் பக்கம் போயிருக்கும். அண்ணனுக்கு எந்த நாள் முறை, தம்பிக்கு எந்த நாள், மாடு நடக்கும் வாரியில் எது யாருக்கு, தூர் வாரினால் செலவு யாருக்கு எவ்வளவு என்று எல்லாம் இருக்கும். பிறகு கரண்ட் வந்தது. மாடு போய், ‘மேற்படி கிணறு, 5 எச்.பி. மோட்டார், பம்ப்செட், மின் இணைப்பு ஆகியவற்றில் பொதுவில் 3ல் 1 பாகம்’ என்ற ஒற்றை வரி வந்து உட்கார்ந்தது. மோட்டாரை மூன்றாக வெட்ட முடியுமா? சர்வீஸோ ஒருவர் பேரில் இருக்கும். முறைநாளை எழுதாமல் விட்டு, வெயில் காலத்தில் கோர்ட்டுப் படி ஏறிய பங்காளிகளை எனக்குத் தெரியும்.

நான்கு எல்லையைச் சொல்லும் செக்குபந்தியிலும் வம்பு உண்டு. ‘வண்டித்தடத்துக்கு வடக்கு’ என்றால் தடம் பூமிக்குத் தெற்கே இருக்கிறது என்று பொருள். எழுதப் பழகுகிறவர்கள் தலைகீழாகப் போட்டுவிடுவார்கள்.

இந்தப் பத்திரங்களுக்கெல்லாம் முந்தி எழுத்தே கிடையாது. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அண்ணன் கூறு போடுவான், தம்பி முதலில் எடுப்பான். இதைவிட நியாயமான ஏற்பாட்டை எந்தச் சட்டமும் கண்டுபிடிக்கவில்லை என்பேன். அப்புறம் யாருக்கு எது என்று கூர்சீட்டு எழுதிக்கொண்டார்கள். 100 ரூபாயும் அதற்கு மேலும் பெறும் அசையாச் சொத்தைப் பத்திரம் எழுதிப் பிரித்தால் பதிந்தே ஆகவேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம்.

கிணற்றுக்கு அவ்வளவு மெனக்கெட்ட அந்தப் பத்திரங்கள், கூடப்பிறந்தவளுக்கு ஒரு வரி கொடுத்திருக்கும்: கல்யாணச் செலவு பொதுவில். தாயாருக்கு ஜீவனாம்சம். அவ்வளவுதான். பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு 1929லேயே தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 மார்ச் 25 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் அதற்கு முன் கல்யாணமானவர்களுக்கு இல்லை. அந்த வேற்றுமையை 2005ல் மத்திய அரசின் திருத்தம் நீக்கியது. ஆனாலும் 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிந்து முடித்த பிரிவினைகளை அது தொடவில்லை. அண்ணன் தம்பிகள் பழைய பத்திரத்தை இன்றும் பீரோவில் பூட்டி வைப்பது சும்மா இல்லை.

இனிமேல் எழுதப் போகிறவர்கள் அக்கா தங்கைகளை முதலிலேயே கூப்பிட்டு உட்கார வையுங்கள். கிணற்று முறையைக் கிழமை சொல்லி எழுதச் சொல்லுங்கள்.